கேமரா நின்ற இடம்

'காலமும் நினைவும்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் நம்ம பசங்க எதை எடுத்து வருவார்கள்? சுவர்க் கடிகாரம். மணிக்கூண்டு. காய்ந்த அரச இலை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் சுருக்கம் விழுந்த கை, அதுவும் கறுப்பு வெள்ளையில்! நம் பேரவையின் போட்டோகிராபி குழு இந்த வருடம் இதே தலைப்பில் ப்ராஜெக்ட் அறிவித்தபோது முதல் வாரத்தில் வந்து குவிந்த படங்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். அழகான படங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கடிகாரத்தைப் படம் எடுத்தால் படத்தில் வருவது கடிகாரம். காலம் எங்கே வந்தது? கடையில் தொங்கும் கடிகாரம் என்றால் அதுவும் எப்போது பார்த்தாலும் பத்து மணி பத்து நிமிஷம்!

நாங்கள் மூன்று பேர் (சிவில் நான், மெக்கானிக்கல் ஒருவன், ட்ரிபிள்-ஈ ஒருவன்) வேறு வழியில் போனோம். ஒரு பழைய போட்டோவை எடுத்துக்கொள்வது. அதை எடுத்தவர் எங்கே நின்றாரோ அங்கேயே போய் நின்று, அதே பார்வையில் மறுபடி ஒரு படம் எடுப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. "இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். செய்து பார்த்தால்தான் தெரியும், இது நம்ம சர்வே பிராக்டிகலுக்கு அண்ணன் முறை என்று. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

இதன் அடிப்படை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். லேபில் ஓம் விதியைச் சோதிக்கும்போது ரெசிஸ்டன்ஸை மாற்றாமல் வைத்துக்கொண்டு வோல்டேஜை மட்டும் மாற்றுகிறோம். இரண்டையும் ஒரே சமயத்தில் திருகினால் ரீடிங் குப்பைக்குப் போகும். போட்டோவிலும் அப்படித்தான். நின்ற இடம், லென்ஸின் உயரம், பார்க்கும் திசை, வெயில் விழும் நேரம் எல்லாம் மாறாமல் இருந்தால், இரண்டு படத்துக்கும் நடுவில் மாறியிருப்பதெல்லாம் காலம் செய்த வேலை. நாலடி தள்ளி நின்று எடுத்தால், மாறியது காலமா நாமா என்று சொல்ல முடியாது.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. அமெரிக்காவில் 1977 முதல் 1979 வரை மார்க் க்ளெட் என்பவரும் அவருடைய நண்பர்களும் இதையே ஒரு பெரிய திட்டமாகச் செய்தார்கள். நூறு வருடத்துக்கு முன் அரசாங்க சர்வே குழுக்களோடு மேற்கு அமெரிக்காவின் மலைகளுக்குப் போன போட்டோகிராபர்கள் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைத் தேடிப்பிடித்து மறுபடி எடுத்தார்கள். போலராய்டில் ஒரு படம் எடுப்பது, அங்கேயே ஸ்கேல் வைத்துப் பழைய படத்தோடு அளந்து பார்ப்பது, இடத்தைத் திருத்துவது, மறுபடி எடுப்பது. இதில் ஒரு வேடிக்கை. திமோதி ஓ'சல்லிவன் என்ற பெயர் பெற்ற போட்டோகிராபர் 1869-ல் யூட்டாவில் எடுத்த ஒரு பாறைப் படத்தை 1978-ல் திரும்ப எடுத்தபோதுதான், மனிதர் கேமராவையே சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார் என்ற குட்டு உடைந்தது. 109 வருடம் அந்தப் படம் பார்த்தவர்களை ஏமாற்றியிருக்கிறது! ஆகவே பழைய போட்டோ சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடத்துக்குப் பதிலாக ஆட்களை நிலையாக வைத்துக்கொண்டும் செய்யலாம். நிக்கோலஸ் நிக்சன் என்ற அமெரிக்கர் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975-ல் இருந்து வருடத்துக்கு ஒரு படமாக, நாற்பது வருடத்துக்கும் மேல் எடுத்தார். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்பது என்ற வரிசை மாறவே இல்லை. முகங்கள் மட்டும் மாறிக்கொண்டே போகின்றன. வேறு எந்த வித்தையும் அதில் கிடையாது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். மதுரைக்காரர்களுக்கு இந்த ப்ராஜெக்டில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. மெட்ராஸ் மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-லேயே மதுரைக்கு வந்து மகால், தெப்பக்குளம், கோயில் என்று எடுத்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். திருமலை நாயக்கர் மகால் அப்போது பாழடைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அதைப் பழுது பார்த்தார்கள். நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போய் "அடேயப்பா" என்று அண்ணாந்து பார்க்கும் இடமும் அவர் எடுத்த இடமும் ஒன்றுதானா என்று சந்தேகம் வரும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் போன்ற இடங்களில் அவருடைய படங்கள் இருக்கின்றன. இணையத்திலேயே பார்க்கலாம்.

அந்தக் காலப் படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து, அப்போது ஜனங்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1838-ல் பாரிஸ் நகரத்தின் ஒரு பெரிய சாலையை டாகர் எடுத்தார். வண்டியும் வாகனமும் நிறைந்த சாலை. எக்ஸ்போஷர் சில நிமிஷங்கள் பிடித்ததால் நடந்தவர்கள், ஓடியவர்கள், குதிரை வண்டிகள் யாரும் பதியவில்லை. பூட்ஸுக்கு பாலிஷ் போடக் காலை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்துவிட்டார். போட்டோவில் பதிந்த முதல் மனிதர் என்று உலகம் இன்றும் அவரைத்தான் பேசுகிறது. பெயர்தான் யாருக்கும் தெரியாது.

பெயர் தெரியாத ஆட்கள் என்றதும் எங்கள் ப்ராஜெக்டுக்கு வந்துவிட்டேன். நாங்கள் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டில் இருந்த ஒரு போட்டோ. தாத்தா வேலை பார்த்த நூல் மில்லின் கேட்டுக்கு முன்னால் பதினோரு தொழிலாளிகள் நிற்கிறார்கள். இடமிருந்து நாலாவது எங்க தாத்தா. சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருக்கும். பின்னால் புகைபோக்கி. மில் மூடி வருடக்கணக்காகிறது. கேட்டும் தூணும் புகைபோக்கியும் மட்டும் நிற்கின்றன, அதுவும் எத்தனை நாளைக்கோ. தாத்தாவும் இல்லை. அவரோடு நிற்கும் பத்துப் பேரில் ஒருவர் பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் வேலை, ஒரிஜினலை பத்திரமாக காப்பி எடுப்பது. ஃபிரேமில் இருக்கும் பழைய போட்டோ ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கும். தயவுசெய்து பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் லைட் வைத்து எடுத்துவிடலாம். ஒட்டாத போட்டோ என்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ போதும். பின்பக்கம் ஏதாவது எழுதவேண்டும் என்றால் பென்சில். பால்பாயிண்ட் பேனாவை எடுத்தீர்களோ, அந்த அழுத்தம் முன்பக்கம் முகத்தில் கோடாக விழும்.

அடுத்தது இடம் கண்டுபிடிப்பது. சிவில்காரர்கள் பிளேன் டேபிள் சர்வேயில் த்ரீ பாயிண்ட் ப்ராப்ளம் செய்திருப்பீர்கள். தெரிந்த மூன்று புள்ளிகளை வைத்து நாம் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடிப்பது. இங்கேயும் அதேதான். பழைய படத்தில் முன்னால் உள்ள ஒரு பொருளின் ஓரமும் பின்னால் உள்ள ஒரு பொருளின் ஓரமும் எங்கே ஒட்டி நிற்கின்றன என்று பாருங்கள். எங்கள் படத்தில் இடது தூணின் உள் ஓரம் புகைபோக்கியின் வலது ஓரத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இரண்டும் தொடும்படி நிற்கக்கூடிய இடங்கள் எல்லாம் தரையில் ஒரே நேர்கோட்டில் வரும், இரண்டு ரேஞ்சிங் ராடை ஒன்றாக்கிப் பார்ப்பது மாதிரி. இதேபோல் இன்னொரு ஜோடி கிடைத்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் கேமரா நின்ற இடம்.

எவ்வளவு துல்லியமாக வரும் என்று சந்தேகமா? தூண் எங்களிடமிருந்து 10 மீட்டர், புகைபோக்கி 60 மீட்டர். நான் பக்கவாட்டில் வெறும் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், தூணின் ஓரம் புகைபோக்கியில் 50 சென்டிமீட்டர் நகர்கிறது. ஒத்த முக்கோணக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். கண்ணாலேயே பிடித்துவிடலாம். முன்பொருள் கிட்டவும் பின்பொருள் எட்டவும் இருந்தால் பிழை சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். எல்லாமே தூரத்தில் இருக்கும் மலைப் படம் என்றால்தான் தலைவேதனை.

இரண்டாவது ஜோடி கிடைக்காவிட்டாலும் முன்னே பின்னே எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கில் கொண்டுவரலாம். மில்லில் வெளிக் கேட் தூணும் உள் கேட் தூணும் ஒரே அளவு, 3 மீட்டர். இரண்டுக்கும் இடைவெளி 15 மீட்டர். வாட்ச்மேன் அண்ணன் டேப் பிடிக்கவே உதவி செய்தார். போட்டோவில் முன் தூண் 40 மில்லிமீட்டர், பின் தூண் 16 மில்லிமீட்டர். விகிதம் இரண்டரை. அப்படியானால் பின் தூணின் தூரம் முன் தூணின் தூரத்தைப் போல் இரண்டரை மடங்கு. வித்தியாசம் 15 மீட்டர். ஆக முன் தூண் 10 மீட்டரில், பின் தூண் 25 மீட்டரில். லென்ஸ் எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. "ஜூம் பண்ணினால் பெர்ஸ்பெக்டிவ் மாறும்" என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. ஜூம் செய்வது ஓரத்தை வெட்டும் வேலை மட்டும்தான். பெர்ஸ்பெக்டிவை முடிவு செய்வது நம் கால் நிற்கும் இடம்.

உயரத்தையும் விடக்கூடாது. இரண்டு தூணின் தலைகளைச் சேர்த்து ஒரு கோடு, அடிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டால், ஃபர்ஸ்ட் இயர் டிராயிங்கில் படித்த வேனிஷிங் பாயிண்ட் கிடைக்கும். அதன் வழியாகப் படுக்கையாகப் போடும் கோடு தூணை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அதுதான் லென்ஸின் உயரம். எங்கள் படத்தில் மூன்றில் ஒரு பங்கில் வெட்டியது. அதாவது 1 மீட்டர். "என்னடா, உட்கார்ந்து எடுத்தாரா?" என்று மெக்கானிக்கல் நண்பன் கேட்டான். பிறகுதான் பொறி தட்டியது. படம் சதுரமாக இருக்கிறது. யாஷிகா மாதிரி இரட்டை லென்ஸ் கேமரா! அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த முகம் தெரியாத போட்டோகிராபர் குனிந்து நிற்பதை அந்த நிமிஷம் நாங்கள் நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

நேரில் போகும்போது பழைய படத்தை ஓ.எச்.பி. ஷீட்டில் ஜெராக்ஸ் எடுத்து செல்போன் திரை மேல் பிடித்துப் பொருத்திப் பார்க்கலாம். இது எங்கள் ட்ரிபிள்-ஈ நண்பனின் ஐடியா, ரொம்ப உதவியது. கொஞ்சம் அகலமாகவே எடுத்துக்கொண்டு பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக நிழல். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பத்தா அந்த போட்டோவைப் பற்றி எப்போதும் சொல்வது, "அது உங்க தாத்தா வேலையை விட்டு நின்ன அன்னைக்கு எடுத்தது" என்பதுதான். தாத்தா ஓய்வு பெற்றது மே மாதம், 1979. சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் போட்டோவில் தூணின் நிழல் வடமேற்கில் விழுந்திருந்தது. திசையை நேரில் போய் காம்பஸ் வைத்துப் பார்த்தோம். அங்கேதான் இடித்தது.

மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட நாட்களில் காலையில் உதிப்பதும் வடகிழக்கில், உச்சியில் நிற்பதும் வடக்கில், மறைவதும் வடமேற்கில். ஆகவே மே மாதம் மதுரையில் எந்த நேரத்திலும் நிழல் வடக்குப் பக்கம் சாயாது. வேண்டுமானால் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். ஆக, அந்தப் படம் மே மாதத்தில் எடுத்ததாக இருக்க முடியாது. காலை நேரம், சூரியன் தென்கிழக்கில். நிழலால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். எந்த மாதம், எந்த வருடம் என்பதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அந்த மனிதர் கிடைத்தார். மில்லுக்கு எதிரே டீக்கடையில் விசாரித்துப் போனோம். படத்தில் வலது ஓரத்தில் நிற்கும் இளைஞர், இப்போது எண்பதைத் தாண்டிய பெரியவர். படத்தைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் பார்த்தது ஆட்களை இல்லை, தூணை. "தம்பி, தூணுல சந்தனம் இருக்கு பாரு. வாழைக்கன்னு கட்டிருக்கு. இது ஆயுத பூசைப்பா! எழுபத்தாறோ என்னமோ." நாங்கள் அத்தனை தடவை லென்ஸ் வைத்துப் பார்த்த படத்தில் அந்தச் சந்தனத்தை அழுக்கு என்றே நினைத்திருந்தோம்.

பெரியவர்களிடம் பேசுவதில் நாங்கள் கண்ட ஒரு முறையைச் சொல்கிறேன். "இது யாரு, இது யாரு" என்று விரலை வைத்துக்கொண்டே போகக் கூடாது. பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிடும், தெரிந்த பெயரும் மறந்துபோகும். "ஐயா, இதுல உங்ககூட டீ குடிக்க வர்றவரு யாரு?" "நைட் ஷிஃப்ட்ல யாரு இருப்பாங்க?" என்று கேட்டால் ஆள் ஆளாக வெளியே வருகிறார்கள். படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பர் போட்டு உருவங்களின் கோட்டை மட்டும் வரைந்து, நம்பர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லச் சொல்ல அதில் எழுதிவிடலாம். பேச்சைச் செல்போனில் பதிவு செய்வதற்கு முன்னால் அனுமதி கேளுங்கள். கண்காட்சியில் வைப்பதற்கும் கேளுங்கள்.

அன்றைக்கு அவர் எட்டு பெயர் சொன்னார், தன்னையும் சேர்த்து. "மத்த மூணு பேரு முகம் நல்லாத் தெரியுது தம்பி, பேருதான் வரமாட்டேங்குது" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்து ராத்திரி பத்தரை மணிக்கு அவருடைய பேத்தி போன் செய்தது. "தாத்தா தூங்காம உக்காந்திருக்காரு அண்ணே. ஏழாவது ஆளு பேரு பாபினாம்." பாபின் என்பது பட்டப்பெயர். நிஜப் பெயர் மில்லில் யாருக்குமே தெரியாதாம். அதையும் எழுதிக்கொண்டோம்.

அப்பத்தாவிடம் போய் நிழல், சந்தனம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டது. "நிழலு என்னமும் சொல்லிட்டுப் போகுதுப்பா. அவரு வேலைய விட்டு வந்த அன்னைக்குத்தான் இந்தப் போட்டோவ எங் கையில குடுத்தாரு. எனக்கு அன்னைக்கு எடுத்ததுதான்" என்றது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்தப் படம் வீட்டுக்கு வந்த நாளை அப்பத்தா சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. கண்காட்சியில் படத்தின் கீழே இரண்டையும் எழுதினோம். பெரியவர் சொன்னது ஒரு வரி, அப்பத்தா சொன்னது ஒரு வரி. இரண்டையும் ஒன்றாக்கவில்லை. அப்படி ஒன்றாக்குவது நம் வேலையும் இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு பேருக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை, நம்பர் 2, நம்பர் 9. ட்ரேசிங் பேப்பர் ஜெராக்ஸ் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

"எங்க வீட்டில் பழைய போட்டோவே இல்லையே" என்பவர்கள் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். காலி கூல்டிரிங்ஸ் டின் ஒன்று. பக்கத்தில் ஊசியால் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் ஓட்டை. உள்ளே ஓட்டைக்கு எதிர்ப்பக்கமாகக் கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர், இருட்டில் வைக்க வேண்டும். மேலே மூடிக் கறுப்பு டேப். இதை ஆறு மாதம் அசையாமல் கட்டிவிட்டால் ஒவ்வொரு நாள் சூரியனும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். மேகம் மூடிய நாளில் கோடு அறுந்திருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வழக்கமாகத் தெற்கே பார்த்துக் கட்டுவார்கள். நம் ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் தெற்கே நிற்காததால் கிழக்கே பார்த்துக் கட்டுவதுதான் சரி. கோடுகள் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும்.

நாங்கள் ஹாஸ்டல் மாடியில் கிழக்குக் கைப்பிடிச் சுவரில் டிசம்பர் 21 அன்று ஒன்றைக் கட்டியிருக்கிறோம். ஜூன் 21 அன்று எடுக்க வேண்டும். அப்போது நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். ஆகவே ஜூனியர் தம்பிகளுக்கு: டின்னை இருட்டு அறையில் திறக்கவும். பேப்பரை டெவலப்பரில் போடக் கூடாது, படம் ஏற்கெனவே அதில் தெரியும். ஸ்கேனரின் வெளிச்சமே அதைக் கறுக்க வைத்துவிடும் என்பதால் ஒரே தடவைதான் ஸ்கேன் செய்யலாம். பிறகு கம்ப்யூட்டரில் நெகட்டிவைப் பாசிட்டிவாக மாற்றிக்கொள்ளவும். பேப்பரைக் கறுப்புக் கவரில் போட்டு வைக்கவும்.

இன்னொன்று. பழைய ஒர்க்‌ஷாப் ஷெட்டை இடிக்கப்போவதாகப் பேச்சு இருப்பதால் அதையும் எடுத்து வைத்திருக்கிறோம். ஸ்டேஷன் விவரம்: சைக்கிள் ஸ்டாண்டின் தென்கிழக்கு மூலையிலிருந்து கிழக்கே 4.20 மீட்டர், சிமெண்ட் தரையில் அடித்த ஆணி, சுற்றிலும் சிவப்புப் பெயிண்ட். லென்ஸ் உயரம் 1.40 மீட்டர். ஷெட்டின் மூன்றாவது தூணின் இடது ஓரம், பின்னால் உள்ள தண்ணீர் டேங்கின் வலது காலைத் தொட வேண்டும். ஜனவரி 26, கொடியேற்றம் முடிந்து காலை 9.30. ஷெட் போனாலும் டேங்க் இருக்கும்.